பட்டை சீவிய மரங்களும் ஒரு கட்டுரையும்

உங்களில் பாதிப் பேர் இந்த ஜூனில்தான் முதல்முறையாக ஆசிரியராக வகுப்புக்குள் நுழையப்போகிறீர்கள். காடழிப்புப் பாடம் எப்படியும் உங்கள் கைக்கு வரும். புத்தகத்தில் அது ஐந்தாறு பக்கம். காரணங்கள், விளைவுகள், தடுக்கும் வழிகள். மண் அரிப்பு, மழைக்குறைவு, நிலத்தடி நீர் இறங்குவது, எல்லாம் வரிசையாக இருக்கும். அதை எப்படி நடத்துவது என்று நான் சொல்லப்போவதில்லை. பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அந்தப் பாடத்தை மிக நன்றாக நடத்தியதாக நினைத்துக்கொண்டு நான் ஒரு குடும்பத்துக்கு என்ன செய்தேன் என்பதை மட்டும் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. திண்டுக்கல்லுக்குக் கொஞ்சம் வெளியே, சிறுமலை அடிவாரத்தை ஒட்டிய ஊர்ப் பிள்ளைகள் நடந்தும் பஸ்ஸிலும் வந்து படிக்கிற பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் நான் சமூக அறிவியல் ஆசிரியை. வேலைக்குச் சேர்ந்து பதினொரு வருடம் ஆகியிருந்தது. நல்ல டீச்சர் என்று பெயர் எடுத்திருந்தேன். அந்தப் பெயர் எனக்குப் பிடித்தும் இருந்தது.

ஒன்பதாம் வகுப்பு ஜன்னலிலிருந்து பார்த்தால் மலை நன்றாகத் தெரியும். நான் பாடத்தை மலையைக் காட்டித்தான் தொடங்குவேன். அடிவாரத்தில் செம்மண் தெரிகிற இடத்தைக் காட்டி, "அது என்ன நிறம்? ஏன் அந்த நிறம்?" என்று கேட்பேன். அந்த வருடம் வன வார விழாவை எங்கள் பள்ளியில் நடத்துவதாக முடிவாகி, கட்டுரைப் போட்டிப் பொறுப்பு என்னிடம் வந்தது. 'எங்கள் ஊர் மலை' என்பது தலைப்பு. போன வருடங்களில் நடந்த போட்டிகளில் நாற்பது பிள்ளைகளும் ஒரே நோட்ஸைப் பார்த்து ஒரே கட்டுரையை எழுதியிருந்தார்கள். மரம் மனிதனின் நண்பன் என்று தொடங்கி மரம் வளர்ப்போம் மழை பெறுவோம் என்று முடியும். படித்துப் படித்து எனக்குச் சலித்துவிட்டது. அதனால் இந்தத் தடவை வகுப்பில் கறாராகச் சொன்னேன்.

"நோட்ஸைப் பார்த்து எழுதினால் நான் திருத்தவே மாட்டேன். நீங்கள் கண்ணால் பார்த்ததை எழுதுங்கள். உண்மையை எழுதுங்கள். உண்மையை எழுதினால் உங்களை யாரும் ஒன்றும் சொல்ல முடியாது."

கடைசி வாக்கியத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள். அது ஒரு வாக்குறுதி. அதைக் கொடுக்க எனக்கு எந்த அதிகாரமும் இல்லை.

சகாயராணி என்ற பெண் மூன்றாவது பெஞ்சில் ஓரமாக உட்காருவாள். அதிகம் பேசமாட்டாள். அப்பா இல்லை. அம்மா அந்தோணியம்மாள் மலையில் விறகு எடுத்து விற்கிறவர். ஞாயிறு பூசையில் அம்மாவும் மகளும் பின்வரிசையில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் வீட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவ்வளவுதான்.

அவள் எழுதிக் கொடுத்த இரண்டு பக்கத்தை நான் பல முறை படித்திருக்கிறேன். அதனால் பெரும்பகுதி இன்னும் நினைவில் இருக்கிறது.

"எங்கள் அம்மா விறகுக்குப் போவார்கள். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது விடிந்ததும் கஞ்சி குடித்துவிட்டுப் போய்ப் பத்து மணிக்குள் திரும்பிவிடுவார்கள். இப்போது இருட்டோடு கிளம்பி மதியம் இரண்டு மணிக்குத்தான் இறங்குகிறார்கள். மலை நகரவில்லை. மரம்தான் மேலே மேலே போய்விட்டது. வழியில் ஒரு சுனை இருந்தது. லீவு நாளில் நானும் கூடப் போனால் அதில் தண்ணீர் குடிப்பேன். இப்போது அதில் சருகுதான் கிடக்கிறது. அம்மா பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோகிறார்கள்.

பச்சை மரத்தை வெட்டக்கூடாது, காய்ந்ததை எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அதனால் அம்மாவும் மற்றவர்களும் உசிலை மரத்தின் அடியில் பட்டையைச் சுற்றிலும் வளையம் மாதிரி சீவிவிட்டு வருவார்கள். மரம் நின்றுகொண்டே இருக்கும். ஒரு வருடத்தில் தானாகக் காய்ந்துவிடும். பிறகு அது காய்ந்த மரம். இதை அம்மா எனக்குச் சொன்னபோது சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அப்புறம் அம்மாவும் சிரிக்கவில்லை."

பதினொரு வருடத்தில் எந்தப் பிள்ளையும் எனக்கு இப்படி எழுதித் தந்ததில்லை. புத்தகத்தில் உள்ள காரணமும் விளைவும் அந்த இரண்டு பக்கத்தில் உயிரோடு இருந்தன. ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். அது ஒரு பிள்ளை தன் தாயைப் பற்றிக் கொடுத்த வாக்குமூலமாகவும் இருக்கிறது என்பது எனக்கு உறைக்கவே இல்லை. முதல் பரிசு அதற்குத்தான் என்று முடிவுசெய்து, விழா மேடையில் வாசிக்கும்படி சகாயராணியிடம் சொன்னேன்.

அவள் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"டீச்சர், இத வாசிக்கணுமா?"

"ஏன், என்ன பயம்? நீதானே எழுதினாய்?"

"நான் ஒங்களுக்குத்தான் எழுதுனேன் டீச்சர்."

மேடைக் கூச்சம் என்று நினைத்தேன். முதுகில் தட்டிக் கொடுத்து அனுப்பினேன்.

விழாவுக்கு வனத்துறையிலிருந்து ஓர் அதிகாரி சிறப்பு விருந்தினராக வந்திருந்தார். சகாயராணி குனிந்த தலை நிமிராமல் வாசித்தாள். பட்டை சீவுகிற இடம் வந்தபோது அவர் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன். எனக்குப் பெருமையாக இருந்தது. வாசித்து முடித்ததும் பரிசைக் கையில் கொடுத்தபடி அவர் கேட்டார்.

"ரொம்ப நல்லா எழுதியிருக்கேம்மா. அந்த மரமெல்லாம் எந்தப் பக்கம் இருக்கு?"

சகாயராணி அவரைப் பார்க்கவில்லை. மேடையின் ஓரத்தில் நின்ற என்னைப் பார்த்தாள். சொல்லட்டுமா என்று கேட்கிற பார்வை. நான் தலையை ஆட்டினேன். சொல், சொல் என்று கையையும் காட்டினேன்.

அவள் இடத்தைச் சொன்னாள்.

நான்கு நாள் கழித்து, காலையில் இரண்டாவது பீரியட் நடந்துகொண்டிருந்தபோது அந்த ஊர்ப் பெண் ஒருவர் பள்ளிக்கு ஓடிவந்தார். அன்று விடியற்காலை வனத்துறையினர் அந்த இடத்துக்குப் போயிருக்கிறார்கள். பட்டை சீவிய மரங்கள் அப்படியே நின்றிருக்கின்றன. அங்கே விறகு கட்டிக்கொண்டிருந்த ஐந்து பெண்களை அழைத்துக்கொண்டு போய் அலுவலகத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். அதில் அந்தோணியம்மாளும் ஒருவர். சகாயராணி பெஞ்சிலிருந்து எழுந்து நின்றாள். அழவில்லை. புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்தாள்.

பள்ளித் தலைமை ஆசிரியை ஒரு கன்னியாஸ்திரி. அதிகம் பேசாதவர். நான் அவர் அறைக்குப் போய், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு அந்த அலுவலகத்துக்குப் போகிறேன் என்றேன். அவர் தடுக்கவில்லை.

"போயிட்டு வாங்க. ஆனா ஒண்ணு. அந்தப் பிள்ள அத நமக்கு எழுதிக் குடுத்தா. ஊருக்கு எழுதிக் குடுக்கல. நாமதான் ஊருக்குக் காட்டினோம். அத மனசுல வச்சுக்கிட்டுப் பேசுங்க."

கதவு வரை போனவளைத் திரும்பக் கூப்பிட்டார்.

"அங்க போயி பாடம் நடத்தாதீங்க டீச்சர்."

எனக்குக் கோபம்தான் வந்தது. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

அலுவலக வாசலில் வேப்பமர நிழலில் ஐந்து பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். விறகுக் கட்டுகள் சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. அரிவாள்கள் தனியாகக் கிடந்தன. அந்தோணியம்மாள் சுமைக்கு அடியில் தலையில் வைக்கிற சும்மாட்டுத் துணியை மடியில் வைத்துப் பிரித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தார். மகளைப் பார்த்ததும், "நீ எதுக்கு வந்த? பள்ளிக்கூடத்துக்குப் போ" என்றார். என்னை அவர் பார்க்கவில்லை. மற்ற நான்கு பெண்களும் என்னைத்தான் பார்த்தார்கள். சகாயராணியையும் பார்த்தார்கள். அந்தப் பார்வையை நான் அப்போதே படித்திருக்க வேண்டும்.

உள்ளே, விழாவுக்கு வந்திருந்த அதே அதிகாரி எழுந்து நாற்காலி காட்டினார். கெட்ட மனிதர் இல்லை. அவரை வில்லனாக வைத்து இந்தக் கதையை யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

"உக்காருங்க டீச்சர். நானும் பிள்ள குட்டிக்காரன்தான். எனக்கும் இது பிடிக்கல. ஆனா பன்னெண்டு மரம் பட்டை சீவி நிக்குது. மேடையில மைக்ல வாசிச்சது. பெரிய ஆபீசுக்கே தெரிஞ்சு போச்சு. எனக்குக் கேக்கலன்னு நான் இருந்துக்க முடியாது."

"இப்போது என்ன செய்யப் போகிறீர்கள்?"

"ரெண்டு வழி இருக்கு. அந்தக் கட்டுரை கற்பனை, போட்டிக்காகப் பிள்ள சும்மா எழுதுனதுன்னு நீங்க ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க. மரத்த யாரு சீவுனாங்கன்னு தெரியலன்னு நான் எழுதிக்கிறேன். அரிவாள வாங்கி வச்சுக்கிட்டு அஞ்சு பேரையும் எச்சரிச்சு அனுப்பிருவேன். நீங்க எழுதித் தரலன்னா, எழுதுன பிள்ளையோட தாயார் மேல மட்டுமாவது நான் கேஸ் போட்டாகணும். வேற வழி எனக்கு இல்ல."

ஒரு வெள்ளைத் தாளை எடுத்து என் பக்கம் நகர்த்தி, அதன்மேல் தன் பேனாவையும் வைத்தார்.

அந்த ஒரு நிமிடம் என் மனதில் என்ன ஓடியது என்பதை நேர்மையாகச் சொல்கிறேன். முதலில் அந்தோணியம்மாள் வரவில்லை. என் வகுப்புதான் வந்தது. உண்மையை எழுதுங்கள் என்று நாற்பது பிள்ளைகள் முன்னால் சொன்ன நானே, ஒரு பிள்ளை உண்மையை எழுதியதும் அது பொய் என்று கையெழுத்துப் போடுவதா? நாளைக்கு எந்த முகத்தோடு அந்த வகுப்பில் நிற்பேன்? சகாயராணி என் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். அவள் முன்னிலையில் அவளைப் பொய்க்காரி என்று எழுதுவதா?

"டீச்சர், நான்..." என்று பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது.

திரும்பாமலே கையை உயர்த்தினேன். "நீ பேசாமல் இரு. நான் பார்த்துக்கொள்கிறேன்."

பிறகு அதிகாரியிடம் பேசினேன். நன்றாகத்தான் பேசினேன். என் மாணவி எழுதியதைப் பொய் என்று என் கையால் எழுதமாட்டேன், அவள் தாய்க்கு எதிராக உண்மை என்றும் எழுதமாட்டேன், கட்டுரைத் தாள் நான் திருத்துவதற்காக வாங்கியது, அதையும் தரமாட்டேன் என்றேன். காடு அழிவதற்கு இந்த ஐந்து பெண்களா காரணம், லாரி லாரியாகப் போனதெல்லாம் யார் கணக்கு என்று கேட்டேன். ஒரு பிள்ளையின் நேர்மைக்குத் தண்டனை கொடுக்கிற நாடு உருப்படுமா என்றும் கேட்டேன். கிட்டத்தட்ட கால் மணி நேரம் பேசினேன். வாசலில் இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும்.

அவர் குறுக்கிடாமல் கேட்டார். நான் முடித்ததும் அந்த வெள்ளைத் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நீங்க சொல்றதெல்லாம் சரிதான் டீச்சர். ஆனா நான் கேட்டது ஒரு வரி."

நான்கு பெண்களை மதியத்துக்குள் அனுப்பிவிட்டார்கள். அந்தோணியம்மாளைச் சாயங்காலம் வரை வைத்திருந்து, வழக்கு எழுதி, கைரேகை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். பின்னால் இரண்டு மூன்று தடவை அவர் கோர்ட்டுக்கு அலைந்தார்.

அன்று பஸ்ஸில் திரும்பும்போது நான் தோற்றுவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. வழக்கு வந்தது வருத்தம்தான். ஆனாலும் பொய்க்குக் கையெழுத்துப் போடாமல் வந்தேனே என்று உள்ளுக்குள் ஒரு நிமிர்வு இருந்தது. ஸ்டாஃப் ரூமில் இதைச் சொன்னபோது சக ஆசிரியைகள் கண் கலங்கினார்கள். தலைமை ஆசிரியை மட்டும், "பிள்ள என்ன சொன்னா?" என்று கேட்டார். "ஒன்றும் சொல்லவில்லை சிஸ்டர்" என்றேன்.

சகாயராணி பதினைந்து நாள் பள்ளிக்கு வரவில்லை. பதினாறாவது நாள் நான் அவர்கள் ஊருக்குப் போனேன். ஓட்டு வீடு. வாசலில் அந்தோணியம்மாள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து கையைத் துடைத்து, உட்காரப் பலகை எடுத்துப் போட்டார். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

"கேஸ் ஒரு பக்கம் கெடக்கட்டும் டீச்சர். அத நான் பாத்துக்குவேன். அந்த நாலு பேரும் என்னைய மலைக்குக் கூட்டிக்கிட்டுப் போக மாட்டேங்கிறாளுக. ஓம் மக எழுதித்தான எடத்தக் காட்டிக் குடுத்தா, இன்னிமே எங்களோட வராதங்கிறாளுக. ஒத்தையா ஒரு பொம்பள அம்புட்டுத் தூரம் மலைக்குப் போக முடியுமா?"

ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னேன்: "பாடத்துக்காகத்தான் எழுதச் சொன்னேன். காடு அழிந்தால் என்ன ஆகும் என்று பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும் இல்லையா?"

அவர் என் பக்கம் திரும்பினார். கோபமில்லை. களைப்புதான்.

"எங்களுக்குத் தெரியாதா டீச்சர்? சுனை வத்துனத மொதல்ல பாத்தவ நானு. பட்டையச் சீவையில எனக்கு மட்டும் நல்லாவா இருக்கும்? ஒங்க பள்ளிக்கூடத்துல மதியம் ஒலை வைக்கிறாகளே, அது எந்த வெறகுன்னு கேட்டிருக்கீகளா? வாரத்துக்கு மூணு கட்டு நாந்தான் போட்டுக்கிட்டு இருந்தேன். சத்துணவு ஆயாட்டக் கேளுங்க."

கேட்டேன். உண்மைதான். எங்கள் வகுப்பறைக்குப் பின்னால்தான் சமையலறை. நான் ஜன்னலில் மலையைக் காட்டிப் பாடம் நடத்தும்போதெல்லாம் பின்பக்கத்திலிருந்து புகை வரும். கண் எரிகிறது என்று கதவைச் சாத்தச் சொல்லியிருக்கிறேன். அது உசிலை விறகுப் புகை. பதினொரு வருடத்தில் ஒருநாளும் அந்த அடுக்களைக்குள் நான் எட்டிப் பார்த்ததில்லை. நான் குற்றவாளியை மலையில் தேடிக்கொண்டிருந்தேன்.

அந்தோணியம்மாள் பிறகு மலைக்குப் போகவில்லை. பக்கத்து ஊர்த் தோட்டங்களில் மல்லிகைப் பூ எடுக்கப் போனார். கிடைத்தது முன்பைவிடக் குறைவு. சகாயராணியை மறுபடி பள்ளிக்கு அனுப்பும்படி தலைமை ஆசிரியையே நேரில் போய்க் கேட்டார். அதன் பிறகு வந்தாள்.

வந்தவள் நன்றாகப் படித்தாள். பரீட்சையில் எல்லாக் கேள்விக்கும் விடை எழுதினாள். ஆனால் எல்லாம் நோட்ஸ் விடைகள். ஒரு சொல் கூட மாறாது. காடழிப்பின் விளைவுகள் யாவை என்ற கேள்விக்கும் மண் அரிப்பு, மழைக்குறைவு என்று நோட்ஸில் இருந்த வரிசையிலேயே எழுதியிருந்தாள். நான் முழு மதிப்பெண் போட்டேன். போடாமல் என்ன செய்வது? நான் யாருடைய விடைகளைப் படித்துச் சலித்தேனோ அவர்களில் ஒருத்தியாக அவளை மாற்றியிருந்தேன்.

அதற்குப் பிறகும் நான் அந்தப் பாடத்தைப் பல வருடம் நடத்தினேன். ஓய்வு பெறும்வரை நடத்தினேன். ஜன்னலிலிருந்து தொடங்குவதை விட்டுவிட்டேன். பிள்ளைகளைச் சமையலறைக்குக் கூட்டிப்போய் அன்றைய விறகை எடை போடச் சொல்வேன். டீச்சர் வீட்டு அடுப்பில் என்ன எரிகிறது என்றும் அவர்கள் கேட்கலாம். நான் பதில் சொல்வேன். இந்த விறகு இல்லாவிட்டால் சோறு எப்படி வேகும், இதைக் கொண்டுவருகிறவர் வேறு என்ன வேலைக்குப் போவார் என்ற கேள்விகளைக் கரும்பலகையில் எழுதிவைப்பேன். அதற்கு எங்களிடம் நல்ல விடை கிடைத்ததே இல்லை. விறகு குறைவாகப் பிடிக்கிற அடுப்பு ஒன்றைக் கட்டினோம். கட்டுகள் குறைந்தன. கட்டு கொண்டுவந்த பெண்களுக்கு வரும்படியும் குறைந்தது. அதையும் பிள்ளைகளிடம் மறைக்கவில்லை. இரண்டாயிரத்துக்குப் பிறகு மலையில் காவல் கூடியது. அடிவாரத்தில் ஓரிரு இடங்களில் பச்சை திரும்பியது. சந்தோஷப்பட்டேன். அந்தப் பச்சைக்காக யார் எதை விட்டார்கள் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது.

இன்னொரு பழக்கமும் வந்தது. ஒரு பிள்ளை தன் வீட்டைப் பற்றி எழுதிக் கொடுத்தால், அதை வகுப்பில் வாசிப்பதற்கு முன் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பேன். அவள் தயங்கினால் அங்கேயே தாளை மடித்து அவள் கையிலேயே கொடுத்துவிடுவேன். ஏன் என்று கேட்கமாட்டேன். காரணம் கேட்பதும் வற்புறுத்தல்தான். நீங்களும் பிள்ளைகளிடம் நேர்மையைக் கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். ஆனால் நேர்மையாக இருப்பதற்கு உங்களுக்கு ஆகிற செலவும் அந்தப் பிள்ளைக்கு ஆகிற செலவும் ஒன்றல்ல. மாதச் சம்பளம் வாங்குகிற எனக்கு அன்று அந்த அலுவலகத்தில் ஒன்றும் போகவில்லை.

இதையெல்லாம் நானாக யோசித்துக் கண்டுபிடித்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு வருடத்துக்கும் மேலாக அந்த அலுவலகக் கதையை நான் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். கட்டுரையை மேடையில் வாசிக்க வைத்தது தவறு, அடுக்களையைப் பார்க்காதது தவறு, ஆனால் அந்த மேசை முன்னால் நான் செய்தது மட்டும் சரி என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிந்த கடைசி நாள். சகாயராணி ஹால் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வராந்தாவில் நின்றாள். மற்றப் பிள்ளைகள் போய்விட்டார்கள். நான் அருகே போனேன். ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

"என் மேல் உனக்குக் கோபமா சகாயராணி?"

"இல்ல டீச்சர்."

"அன்றைக்கு அந்த ஆபீசில் என்னால் அது பொய் என்று எழுத முடியவில்லை. நீ எழுதியது உண்மை. உன்னை நான் எப்படிப் பொய்க்காரி என்று எழுதுவேன்?"

அவள் ஹால் டிக்கெட்டை நான்காக மடித்தாள். பிறகு நேராக என் முகத்தைப் பார்த்துப் பேசினாள். அந்த ஒன்றரை வருடத்தில் நோட்ஸில் இல்லாத வார்த்தைகளை அவள் என்னிடம் பேசியது அப்போதுதான்.

"நான் சொல்ல வாயெடுத்தேன் டீச்சர். நாந்தான் பொய்யா எழுதிப்புட்டேன், பரிசு வாங்கணும்னு எழுதிப்புட்டேன்னு சொல்ல வந்தேன். நீங்க கையத் தூக்கிப் பேசாம இருன்னுட்டீக."

பஸ் வருகிறதா என்று வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுத் தொடர்ந்தாள்.

"சொல்லியிருந்தா அம்மாவ மத்தியானமே விட்டிருப்பாக. அந்த நாலு பேரும் அம்மாகூடப் பேசிக்கிட்டு இருப்பாக. நான் பொய்க்காரின்னு பேரு வாங்கியிருப்பேன். அம்புட்டுத்தான டீச்சர்."

குறையாக அவள் அதைச் சொல்லவில்லை. ஒரு கணக்கு எந்த இடத்தில் தப்பிப்போனது என்று சொல்கிற மாதிரி சொன்னாள். "பஸ் வந்துரும். வாரேன் டீச்சர்" என்று படியிறங்கிப் போனாள்.

அவளைத் திரும்பக் கூப்பிட்டு என்ன சொல்லியிருக்கலாம் என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அன்று அதைக்கூடக் கேட்கவில்லை. யாராவது பேச வாயெடுத்தால் குறுக்கே கை போகாமல் பார்த்துக்கொள்ள எனக்கு அதற்குப் பிறகுதான் தெரிந்தது.